மூணாவது பக்கம், ஆறாவது வரி

சென்னை
15.06.2025

அன்புள்ள மச்சான் ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு, உங்கள் சுஹைப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உங்க தங்கச்சி ஃபஹ்மிதாவும் இங்கே ரப்பின் கிருபையில் நல்லா இருக்கோம். மாமிக்கு முட்டிவலி தேவலையா? ஷமாவுக்கு என் சலாம் சொல்லுங்க. மேட்டூர் திறந்தாச்சாமே, இனிமே உரக்கடையில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

தலையாலங்கானம் வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்துட்டாங்க மச்சான்! 'ஒரே ஒரு போர்' சேனல் ஆரம்பிச்ச ஆறு வருஷத்துல எதுவும் இப்படி ஓடினதில்லை. என் குரலைக் கேட்டா பாண்டியன் கண்ணு முன்னாடி வந்து நிக்கிறானாம், ஒருத்தர் எழுதியிருக்கார். ஃபஹ்மிதா அதைப் படிச்சுட்டு, 'பால் வாங்கிட்டு வரச் சொன்னா மட்டும் இந்தக் குரல் எங்க போகுது'ன்னு கேக்குறா.

ஒரு விஷயம், கோவிச்சுக்காதீங்க. எழுதினது பிடிக்கலைன்னா மேலே துண்டுக் காகிதம் ஒட்டி மாத்தி எழுதுறீங்களே, அதுக்குக் கோந்து வாங்குங்க. சோத்துப் பருக்கையை நசுக்கி ஒட்டாதீங்க. போன தடவை கவரைப் பிரிச்சா எறும்பு வரிசையா வெளியே வருது. ஆனா கையாலேயே எழுதுங்க. கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்பினா எனக்கு வாசிக்க வராது. சிவப்பு மையில் நீங்க போடுற மூச்சுக் கோட்டைப் பார்த்தாத்தான் எங்க நிறுத்தணும், எங்க இழுக்கணும்னு எனக்குப் புரியும். ஷார்ஜாவுல இருந்தப்ப பழகினது. உங்க கடிதத்தை ரூம்ல சத்தமா வாசிப்பேன், பக்கத்துக் கட்டில்காரங்க வேலைக்குப் போறதை மறந்து கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

அடுத்தது திருப்புறம்பியம் போடலாமா? அந்தப் போர் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தேடுறதும் எழுதுறதும் உங்க பாடு, வாசிக்கிறது என் பாடு. உங்க எழுத்தை நான் என்னைக்காவது சரிபார்த்திருக்கேனா?

எல்லாருக்காகவும் துஆ செய்யுங்க.
சுஹைப்

*

வலங்கைமான்
24.06.2025

மரியாதைக்குரிய மச்சான் சுஹைப் அவர்களுக்கு, மூஸா மகன் ஜாஃபர் சாதிக்கின் சலாம்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி இருக்கு, உங்க வீடியோ ஓடும்போது மட்டும் இருக்கிறதில்லை. 'எம் மருமவன், எம் மருமவன்'னு தெரு முழுக்க நடந்து போய்க் காட்டிட்டு வர்றாங்க.

நேத்து கடைக்குக் காயாரோகணம் வந்தார். குடமுருட்டிப் பக்கம் குத்தகைக்கு நடவு பண்றவர். நான் டிஏபி மூட்டையை எடுத்து வைக்கிறதுக்குள்ள போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டார். 'பாய், இந்தப் புள்ள பேசுறதைக் கேளுங்க. எதிரே ஏழு குடை, இந்தப் பக்கம் மீசை முளைக்காத ஒருத்தன்! எப்படி யோசிக்கிறான் பாருங்க!' அந்த வரிக்கு நான் எட்டுத் துண்டு ஒட்டினேன் மச்சான். எட்டாவது துண்டுலதான் ஏழு ராஜாவும் ஏழு குடையா வந்தாங்க. 'ஆமா, நல்லா யோசிக்கிறார்'னு சொல்லிட்டு பில்லைப் போட்டுக் கொடுத்தேன். உங்களுக்குச் சொந்தமான்னு கேட்டார். தங்கச்சி மாப்பிள்ளைன்னேன். 'கொடுத்து வச்சவரு பாய் நீங்க'ன்னு சொல்லிட்டு மூட்டையை வண்டியில் ஏத்தினார்.

முன்ன மாதிரி இருந்தா இதுக்கு உங்களை நாலு வார்த்தை நல்லாத் திட்டியிருப்பேன். கும்பகோணம் காலேஜ்ல மூணு வருஷம் வாடா போடான்னு திரிஞ்சவங்கதானே. நிக்காஹ் அன்னைக்கு அத்தா கூப்பிட்டு, 'இனிமே அவரு வீட்டு மாப்பிள்ளை, டா போட்டே தொலைச்சுடுவேன்'னாங்க. அத்தா மவுத்தாகி ஒன்பது வருஷமாச்சு. நான் இன்னும் 'நீங்க' போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

திருப்புறம்பியம் போய்ப் பார்த்துட்டு எழுதுறேன். வெண்ணி, தலையாலங்கானம், திருப்புறம்பியம், மூணுமே பைக்குல போயிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புற தூரம். அவ்வளவு பெரிய ராஜாக்கள் எல்லாம் அடிச்சுக்கிறதுக்கு நம்ம வயக்காட்டைத்தான் தேடி வந்திருக்காங்க.

கோந்து வாங்குறதா இல்லை. எறும்பும் பிழைக்கட்டும்.

ஃபஹ்மிதாவைக் கேட்டதாகச் சொல்லவும். வஸ்ஸலாம்.
ஜாஃபர் சாதிக்

*

வலங்கைமான்
11.07.2025

அன்புத் தங்கை ஃபஹ்மிதாவுக்கு, அண்ணனின் சலாமும் துஆவும். சுகரைப் பார்த்துக்கோ, மாத்திரையை மறக்காதே.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைகிட்ட காட்டக் கூடாது. காட்டினா உன்கூடப் பேச மாட்டேன்.

போன மாசம் நூர்ஜஹான் மாமி வீட்டுக் கல்யாணத்துல நடந்தது உனக்குத் தெரியாது. நீ பொம்பளைங்க பக்கம் இருந்தே. நான் பிரியாணித் தட்டோட நிக்கிறேன். ஒரு ஆளு போனை என் கையில் திணிச்சு, 'சுஹைப் சார்கூட ஒரு போட்டோ எடுத்துத் தாங்க'ங்கிறார். எடுத்தேன். அவருக்குப் பின்னால இன்னொருத்தர், அவருக்குப் பின்னால இன்னொருத்தர். பதினேழு போட்டோ எடுத்தேன்டி. பிரியாணி ஆறிப் போச்சு. ஒருத்தனாவது, 'நீங்க யாரு பாய்'னு கேக்கலை. உன் புருஷனும் சிரிச்சுக்கிட்டே நின்னாரே தவிர, 'இவர்தான் எழுதுறவர்'னு ஒரு வார்த்தை சொல்லலை.

போன ஞாயிறு திருப்புறம்பியம் போனேன். மண்ணியாத்துக் கரையில கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். குறுவை நட்டு முடிச்ச வயல்தான் சுத்தி. இங்கேதான் அவ்வளவும் நடந்துச்சு. பாண்டியன் வரகுணன் படையோட வந்துட்டான். எதிர்த்து நின்னது பல்லவன் அபராஜிதன். பல்லவனுக்குத் துணைக்கு வந்தவன் கங்க நாட்டு ராஜா பிருதிவீபதி. சோழன் அப்ப பல்லவனுக்கு அடங்கி இருந்த சின்ன ஆள். வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டிருந்த சண்டை இந்த ஒரே போர்ல திரும்பிடுச்சு. பாண்டியன் தோத்தான், கங்கன் செத்தான், பல்லவன் பேர் வாங்கினான், கடைசியில நாடு சோழனுக்குப் போச்சு.

அபராஜிதன்னா தோற்காதவன்னு அர்த்தம். அந்தப் பேரு பொய்யாகாம இருக்கிறதுக்குக் கங்கன் தன் உயிரையே கொடுத்தான்னு உதயேந்திரம் செப்பேட்டுல இருக்கு. களத்திலேயே விழுந்துட்டான். ஜெயிச்ச சேதியைக் கேக்கக்கூட அவன் இல்லை.

அதைப் படிச்சதும் எனக்கு யார் நெனப்பு வந்துச்சுன்னு உனக்குத் தெரியும். நான்தான்டி அந்தக் கங்கன். பேரு அவருக்கு, சாவு எனக்கு. ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது. கூடப் பொறந்தவகிட்ட சொல்லாம வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல?

அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வச்சிருக்காங்க.
அண்ணன்

*

சென்னை
21.07.2025

அருமை அண்ணனுக்கு ஃபஹ்மிதாவின் சலாம். அம்மா, ஷமா மச்சி எல்லாரும் சுகம்தானே? சுகர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கடிதத்தை அவர்கிட்ட காட்டலை. அரிசி டின்னுக்குள்ள வச்சிருக்கேன். அவர் அந்தப் பக்கமே வர மாட்டார்.

நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கி, கல்லாவுல உக்காந்து உரம் வித்துக்கிட்டு, கங்கனாம் கங்கன்! அண்ணன், நான் ஒண்ணு கேக்குறேன். என் பேரையும் போடுங்கன்னு நீங்க ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கீங்களா? சின்ன வயசுலேருந்து இப்படித்தான். எனக்கு அத்தா சைக்கிள் வாங்கித் தந்தப்ப மூணு நாள் சாப்பிடாம இருந்தீங்க, உங்களுக்கும் வேணும்னு மட்டும் சொல்லலை. கடைசியில காத்தைப் பிடுங்கி விட்டீங்க. நான் மறக்கலை.

அவருக்குச் சொன்னாத்தான் புரியும். நான் பசிக்குதுன்னு சொல்லலைன்னா, சாப்பிட்டாச்சுன்னு நெனச்சுக்குற மனுஷன். கெட்ட மனசு கிடையாது. பதிவு பண்றதுக்கு முன்னாடி உங்க தாளைக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் ஆரம்பிப்பார். வெளியில சொல்லத் தெரியலை, அவ்வளவுதான்.

நான் வேணா பேசட்டுமா? வேண்டாம்னா பேசலை. ஆனா நீங்க கேளுங்க. வயிறு எரிஞ்சா அல்சர்தான் வரும், பேரு வராது.

ஊறுகாயை யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்க.
தங்கச்சி

*

சென்னை
08.08.2025

அன்பு மச்சானுக்கு சுஹைபின் சலாம். வீட்ல எல்லாரும் ஆரோக்கியமா இருக்க துஆ செய்றேன்.

ரெண்டு சந்தோஷ சமாச்சாரம். செப்டம்பர் 13ஆம் தேதி தஞ்சாவூர்ல ஒரு பெரிய மண்டபத்துல நம்ம நிகழ்ச்சி! திருப்புறம்பியத்தை மேடையிலேயே வாசிக்கப் போறேன், எண்ணூறு பேர் முன்னாடி. இதுவரைக்கும் ரூமுக்குள்ள மைக் முன்னாடி வாசிச்சவன், பழைய தாளை வச்சு இப்பவே மொட்டை மாடியில சத்தமா வாசிச்சுப் பழகுறேன்.

இன்னொண்ணு, சென்னையில ஒரு பதிப்பகம் எல்லாப் போரையும் சேர்த்துப் புத்தகமாப் போடக் கேக்குறாங்க. அன்னைக்கு மேடையிலேயே அறிவிக்கிறதா ஏற்பாடு. அட்டையில என் பேரைப் போட்டாத்தான் விக்கும்ங்கிறாங்க. சேனல் பார்க்குறவங்களுக்கு அந்தப் பேருதானே தெரியும். உங்களுக்கு முன்னுரையில நல்லா நாலு வரி நன்றி எழுதச் சொல்லியிருக்கேன். வர்ற பணத்துல பாதி உங்களுக்கு, அதைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம்.

முன் வரிசையில நடு நாற்காலி உங்களுக்கு. ஷமாவையும் மாமியையும் கூட்டிக்கிட்டு வாங்க. தாளை மட்டும் சீக்கிரம் அனுப்புங்க.

சுஹைப்

*

வலங்கைமான்
21.08.2025

மேன்மைமிகு மச்சான் அவர்களுக்கு ஜாஃபர் சாதிக்கின் சலாம். அனைவரும் நலம், நலமே நாடுகிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. அட்டையில் தங்கள் பெயர் இருப்பதே முறை. எனக்கு நன்றி எல்லாம் எதற்கு, நான் என்ன செய்துவிட்டேன்?

திருப்புறம்பியம் இத்துடன் இருக்கிறது, ஐந்து பக்கம். மூச்சுக் கோடு எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன். மூணாவது பக்கத்துக்கு வரும்போது அவசரப்படாதீர்கள். நின்று, நிதானமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும்.

13ஆம் தேதி என்னால் வர இயலாது. யூரியா லாரி வருகிறது.

ஜாஃபர் சாதிக்

*

சென்னை
29.08.2025

மச்சான், சலாம். எல்லாரும் சுகம், நானும் சுகம், ஆனா என்னமோ போல இருக்கு.

தாள் நேத்து வந்துச்சு. இது என்ன மச்சான், கடைக்குக் கொட்டேஷன் எழுதுற மாதிரி கடிதம் எழுதியிருக்கீங்க? கோவமா இருக்கீங்களோன்னு நெனச்சேன். அப்புறம் மூணாவது பக்கத்தை வாசிச்சேன். கோவமா இருக்குறவர் இப்படி எழுத முடியாது.

'போர் முடிந்ததும் அபராஜிதன் கங்கனின் கையைப் பிடித்து உயர்த்தினான். இந்த வெற்றி என்னுடையதல்ல, இவனுடையது என்று படை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.'

இந்த வரியைத் தாண்ட முடியலை மச்சான். நாலு தடவை வாசிச்சேன். எத்தனையோ போர் வாசிச்சிருக்கேன், ஜெயிச்சவன் ஒருத்தன்கூட இப்படிச் சொன்னதில்லையே. ஃபஹ்மிதாகிட்டகூட வாசிச்சுக் காட்டலை, மண்டபத்துல கேக்கட்டும்னு வச்சிருக்கேன். அந்த இடத்துல நான் ஒண்ணு செய்யப் போறேன். என்னன்னு இப்ப சொல்ல மாட்டேன். நீங்க அவசியம் இருக்கணும்.

லாரியை மறுநாள் வரச் சொல்லுங்க. நாற்காலி உங்களுக்காகத்தான் கிடக்கும். உடனே பதில் போடுங்க.

சுஹைப்

*

சென்னை
16.09.2025

அண்ணனுக்கு சலாம். எல்லாரும் சுகம்னு எழுதணும், எழுதிட்டேன்.

அவர் போன கடிதத்துக்கு நீங்க பதிலே போடலை. போன் பண்ணினா கடையில கூட்டம்னு மச்சி எடுக்குறாங்க. நடந்ததை நான் எழுதுறேன். முழுசாப் படிங்க.

உங்க நாற்காலியில என் பையை வச்சு அன்னைக்குப் பூரா காவல் காத்தேன். மண்டபம் நிறைஞ்சு, பின்னால நின்னுக்கிட்டு வேற கேட்டாங்க. ரெண்டு பக்கம் முடியிற வரைக்கும் ஒரு இருமல் சத்தம் கிடையாது. மூணாவது பக்கத்துல அந்த வரி வந்துச்சு. இந்த வெற்றி என்னுடையதல்ல, இவனுடையதுன்னு வாசிச்சுட்டுத் தாளைக் கீழே இறக்கினார். 'நானும் ஒண்ணு சொல்லணும். இந்த எழுத்து என்னுடையதில்லை. நீங்க இத்தனை வருஷமாக் கேட்ட ஒரு வரிகூட என்னுடையதில்லை. எல்லாம் என் மச்சான் எழுதினது. வலங்கைமான்ல உரக்கடை வச்சிருக்கார், பேரு ஜாஃபர் சாதிக். இதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். புத்தகத்துலயும் அவர் பேருதான் வரணும்'னார். எண்ணூறு பேரும் கை தட்டினாங்க அண்ணன். உங்களுக்குத் தட்டினாங்க. நான் காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தேன்.

கைதட்டு ஓய்ஞ்சதும் ஒரு அம்மா எழுந்தாங்க. மேகலான்னு பேரு, காலேஜ்ல சரித்திரம் நடத்துறவங்களாம். 'தம்பி, கங்கன் அந்தப் போர்லயே செத்துட்டானே. செப்பேடு சொல்லுதே. செத்தவன் கையை அபராஜிதன் எப்படிப் பிடிச்சான்?'னு கேட்டாங்க.

இவர் தாளைப் பார்த்தார். கையெல்லாம் வேர்வை. ஒட்டின துண்டு ஒரு ஓரமாத் தூக்கிக்கிட்டு நின்னிருக்கு. நகத்தால நெம்பினார், முழுசா வந்துடுச்சு. துண்டுக்கு அடியில வேற வரி இருந்திருக்கு. அப்புறம், 'அம்மா சொல்றதுதான் சரி. என் மச்சான் சரியாத்தான் எழுதியிருக்கார். நான்தான் மேடைக்கு எடுப்பா இருக்கட்டும்னு மாத்தி வாசிச்சுட்டேன். மன்னிச்சுடுங்க'ன்னு சொல்லி, அடியில இருந்ததை வாசிச்சார். 'கங்கன் களத்திலேயே விழுந்தான். நண்பனின் பெயர் நின்றது.'

ஒருத்தன் சிரிச்சான், அப்புறம் பத்துப் பேர் சிரிச்சாங்க. மறுநாள் காலையில பார்த்தா எல்லார் போன்லயும் அதுதான். அடுத்தவன் எழுத்தைத் திருடினவன், எழுதிக் கொடுத்ததைக்கூட ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவன், செத்தவனை எழுப்பினவன்னு என்னென்னமோ போட்டிருக்காங்க. அவர் போனை அணைச்சு வச்சுட்டார்.

இப்ப நான் கேக்குறேன். ஜூலையில எனக்கு எழுதினப்ப களத்திலேயே விழுந்த கங்கன், ஆகஸ்ட்ல அவருக்கு எழுதினப்ப எப்படி அண்ணன் எழுந்து நின்னான்?

உங்க கடிதம் அரிசி டின்னுலதான் இருக்கு. அவர்கிட்ட காட்டலை. காட்ட வேண்டிய தேவையும் இல்லை. அடியில இருந்த வரியைப் படிச்சவர் அவர்தானே.

சைக்கிள்ல காத்தைப் பிடுங்குற வயசா உங்களுக்கு?

ஃபஹ்மிதா

*

சென்னை
12.10.2025

அன்பு மச்சானுக்கு சுஹைபின் சலாம். சம்பா நடவு ஆரம்பிச்சிருக்கும், கடையில வேலை நெரிக்கும். மாமிக்கு இந்த மழைக்கு முட்டி இன்னும் வலிக்குமே, தைலம் அனுப்பியிருக்கேன்.

தாளைக் காணோம் மச்சான். மேடையில எங்கேயோ விழுந்துடுச்சு, தேட வேண்டாம்.

பதிப்பகத்திலேருந்து வந்திருந்தாங்க. புத்தகத்தை எழுதினவர் பேர்லயே போடுறோம்ங்கிறாங்க. ஒப்பந்தத் தாள் இதோட இருக்கு. பென்சில்ல குறி போட்ட இடத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. அட்டையோட மாதிரிப் படமும் வச்சிருக்கேன். உங்க பேரு நல்லாப் பெரிசாத்தான் போட்டிருக்காங்க. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

சேனலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வச்சிருக்கேன். ரெண்டு காலேஜ்ல கூப்பிட்டிருந்தாங்க, இப்ப வேண்டாம்னுட்டாங்க. ஷார்ஜாவுல பழைய கம்பெனியில கேட்டுப் பார்த்திருக்கேன், ஜனவரியில வரச் சொல்லலாம். ஃபஹ்மிதாவுக்குத்தான் இஷ்டம் இல்லை.

நீங்க எழுதுறதை நிறுத்தாதீங்க. ஒட்டும்போது மட்டும் பசை கொஞ்சம் கூட வைங்க.

ஷமாவுக்கு சலாம். துஆ செய்யுங்க.
சுஹைப்

*

வலங்கைமான்
02.11.2025

சுஹைபு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சானும் வேண்டாம், அவர்களுக்கும் வேண்டாம். அத்தா என்னை மன்னிக்கட்டும். 'நீங்க' போட்டுக்கிட்டு இதை எழுத முடியாதுடா.

ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்புறேன். மூணு வாரம் கல்லாவுல வச்சிருந்தேன். அந்த அட்டையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன்னு ஷமாவைக் கேளு. ரெண்டு தடவை பேனாவைத் திறந்துட்டேன். அம்மாகிட்ட காட்டினேன். பேரைத் தடவிப் பார்த்துட்டு, 'நல்லாருக்குப்பா. மருமவன் ஏன் இப்ப வீடியோ போட மாட்டேங்குது'ன்னு கேட்டாங்க. அட்டையைத் திரும்பக் கல்லாவுல வச்சுட்டேன்.

முந்தாநாள் காயாரோகணம் வந்தார். 'பாய், அதையெல்லாம் எழுதினது நீங்களாமே! அந்த ஆளு சும்மா வாசிச்சவனாம், அதையும் தப்பா வாசிச்சானாம்'னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்துக்கிடந்தேன் தெரியுமா? காதுல விழுந்ததும் உடம்பெல்லாம் கூசிப் போச்சு. கையை உருவிக்கிட்டு உள்ளே போயிட்டேன். அந்த மனுஷன் பாவம், யூரியா வாங்காமலே போயிட்டார்.

உனக்குத் தெரியும். நகத்தால நெம்பினப்பவே தெரிஞ்சிருக்கும். நிஜத்தைத்தான் முதல்ல எழுதினேன். அப்புறம் உன் கடிதம் வந்துச்சு, அட்டையில உன் பேரு, எனக்கு நாலு வரி நன்றி. எண்ணூறு பேர் முன்னாடி நீ அசிங்கப்படணும்னு நெனச்சேன். சோத்துப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். பக்கத்தையே மாத்தி எழுதியிருக்கலாம். ஏன் ஒட்டினேன்னு எனக்கே தெரியலை. யூரியா லாரின்னு சொன்னதும் பொய். அன்னைக்கு ஒரு லாரியும் வரலை. சும்மா கடையில உக்காந்து மணியைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அந்தப் பொய்யைப் படிச்சுட்டுத்தானா நீ என் பேரைச் சொல்லணும்? என் வாழ்க்கையில நான் எழுதின ஒரே பொய் அதுதான்டா. நிஜமா எழுதின எதுக்கும் சொல்லாதவன் அதுக்குப் போய்ச் சொன்னியே! அதோட விட்டியா? பழியையும் எடுத்துத் தலையில போட்டுக்கிட்டே. நான்தான் கங்கன்னு ஊர் விட்டு ஊர் போய் மண்ணியாத்துக் கரையில உக்காந்து அழுதுட்டு வந்தேன். கடைசியில களத்துல விழுந்தது நீ. அதுலயும் என்னை முந்திட்டே. இப்பவும் எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு, என்ன பண்ணச் சொல்றே?

நீ ஷார்ஜா போகக் கூடாது. சேனலைத் திற. முதல் வீடியோவுல என்ன வாசிக்கணும்னு கீழே எழுதியிருக்கேன். நீ இதையும் காணாமப் போக்கிடுவேன்னு தெரியும், அதனால இதே மாதிரி ஒண்ணைப் பதிப்பகத்துக்கும், இன்னொண்ணை விலாசம் விசாரிச்சு அந்த மேகலா அம்மாவுக்கும் இன்னைக்கே தபால்ல போட்டுட்டேன். அவங்க வெளியில சொல்றதுக்குள்ள உன் குரல்ல வரட்டும். எனக்கு வேற யாரு வாசிச்சாலும் பிடிக்காது.

ஃபஹ்மிதாவை அரிசி டின்னுலேருந்து அந்தக் கடிதத்தை எடுத்து உன்கிட்ட கொடுக்கச் சொல்லு. நானே சொன்னேன்னு சொல்லு.

இதுதான் வாசிக்க வேண்டியது:

என் பெயர் ஜாஃபர் சாதிக், / வலங்கைமான் மூஸா மகன். / நீங்கள் இந்தச் சேனலில் கேட்ட எல்லாப் போரையும் எழுதியவன் நான். / திருப்புறம்பியத்தில் மூணாவது பக்கம், ஆறாவது வரி பொய். / பொய் என்று தெரிந்தே எழுதி ஒட்டினேன். / சுஹைப் அதை மாற்றவில்லை, நான் எழுதியபடியே வாசித்தான். / அவன் பெயர் கெட வேண்டும் என்றுதான் செய்தேன்.

கடைசிக் கோட்டுல நின்னு மூச்சை நல்லா இழுத்துக்கோ, என் மேல பாவம் பார்த்து வேகமா ஓடிடாதே. இந்தத் தாள்ல ஒட்டு எதுவும் இல்லை, தடவிப் பார்த்துக்கோ.

ஜாஃபர்